பத்து மணி, பத்து மணி நேரம்

பீல் நகரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்.
பலகையில் ஜெர்மன், அதே பலகையில் பிரெஞ்சு.
தபால்காரர் ஒருநாளும் குழம்பியதில்லை:
பெயர்தான் இரண்டு, மிதிக்கிற கல் ஒன்று.

நான் குழம்பினேன்.
பதினொரு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை,
நாலரை மணி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில்
ஒரே ஒரு வரி.
ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு.
பள்ளிக்கூடச் சூத்திரம். அதில் பிழையே இல்லை.

குளிர்க்கிடங்கின் கதவு சரியாக மூடவில்லை.
நாலிலிருந்து ஆறு. இரண்டு டிகிரி ஏறியது.
இரண்டு டிகிரியில் இன்சுலினுக்கு ஒன்றும் ஆகாது.
சரக்கு அமெரிக்கருடையது, அதனால் திரை ஃபாரன்ஹீட்டில்.
திரையில் என் வரி எழுதியது:
"35.6 டிகிரி உயர்ந்துள்ளது."
மூன்று புள்ளி ஆறு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!
இரவுப் பணியில் மிரேய் வூமார்.
அவர் விதிப்படி நடந்தார்.
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்
விடியுமுன் சிவப்புத் தொட்டிக்குள்.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் யாரும் திட்டவில்லை.
ஒரு குவளைத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.
திட்டியிருக்கலாம்.

அன்றிரவு தமிழில் யோசித்தேன்.
பத்து மணிக்கு வா என்றால் ஒன்று,
பத்து மணி நேரம் இரு என்றால் வேறு.
முதலாவது கடிகாரத்தில் ஓர் இடம்,
மற்றது ஒரு நீளம்.
நடுவில் 'நேரம்' நின்று காவல் காக்கிறது.
பத்து மணியையும் பதினொரு மணியையும் கூட்டி
இருபத்தொரு மணி என்று யாரும் எழுந்து போவதில்லை.
டிகிரிக்கு அந்தக் காவல் இல்லை.
வெளியே இரண்டு டிகிரி.
நேற்றைவிட இரண்டு டிகிரி.
காதுக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே இரண்டு வகை எழுதினேன்.
ஒன்றின் பெயர் நிலை.
மற்றது ஏற்றம். இறங்கினாலும் ஏற்றம்தான்,
முன்னால் ஒரு கழித்தல் குறியோடு.
நிலையிலிருந்து நிலையைக் கழி: ஏற்றம்.
நிலையோடு ஏற்றத்தைக் கூட்டு: நிலை.
நிலையோடு நிலையைக் கூட்டப் பார்,
கம்பைலர் வாசலிலேயே மறிக்கும்;
நிரல் ஓடாது, கிடங்குவரை போகாது.
முப்பத்திரண்டு இனி நிலைக்கு மட்டுமே சொந்தம்.
வெறும் எண்ணுக்கு உள்ளே இடமில்லை,
செல்சியஸா கெல்வினா, சொல்லிவிட்டு வா.
மைனஸ் 273.15-க்குக் கீழே எதையாவது கேட்டால்
அப்படி ஓர் ஊரே இல்லை என்று திருப்பி அனுப்பும்.

ரேத்தோ கடைசி வரி வரை படித்தான்.
"சராசரி?" என்றான்.

காலையில் மூன்று, மதியம் ஏழு,
கூட்டினால்தானே பாதியாக்க முடியும்?
கூட்டக் கூடாதென்று பூட்டியவள் நான்.
முகம் சூடானது. எவ்வளவு என்று அளக்கவில்லை.

கேபிள் ரயிலில் மாக்லிங்கனுக்கு ஏறினேன்.
நவம்பர் மூடுபனியில் ஏரியும் இல்லை, ஊரும் இல்லை.
நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து
மேலிருந்து வந்த பெட்டி எங்களை உரசாமல் இறங்கியது.
உள்ளே ஒரு கிழவர் தன் நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.
பிறகு வெண்மை கிழிந்து வெயில்;
மேலே, கீழைவிட, ஆறு டிகிரி கூடுதல்.
மலை ஏறினால் குளிரும் என்று கோட்டு போட்டு வந்திருந்தேன்.

கோட்டைக் கழற்றும்போது பிடிபட்டது.
கூட்டவே வேண்டாம்.
மூன்றிலிருந்து ஏழுக்கு ஏற்றம் நான்கு,
அதில் பாதி இரண்டு,
மூன்றில் நின்று இரண்டு ஏறு. ஐந்து.
இரண்டு பெட்டிகளும் விலகிக்கொண்ட அந்த இடம்.

ரேத்தோவுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

மிரேய்க்கு எழுதத்தான் நான்கு நாள் ஆனது.
பிழை என்னுடையது, இனி அந்த வரி எழுதவே வராது என்றேன்.
பதில் பிரெஞ்சில், மூன்று வாக்கியம்:
"அன்றிரவு ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.
குளிராகத்தான் இருந்தது.
திரையை நம்பு என்பதுதான் விதி."